"விட நினைக்கிறேன், முடியவில்லை": நடத்தை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சொல்வது, "எனக்கு மன உறுதியே இல்லைங்க" என்பதுதான். நகம் கடிப்பவரும் இதைத்தான் சொல்கிறார். பிள்ளையைக் கை நீட்டி அடித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவரும் இதைத்தான் சொல்கிறார். பல வருடங்களாக இதைக் கேட்டு வருகிறேன். அவர்கள் அடுத்தடுத்துக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்களில் வருகிறவர்கள் தனி ஒருவர் அல்ல. பலருடைய அனுபவங்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நடத்தை சிகிச்சை என்றால் என்ன? உட்கார்ந்து பேசுவதுதானே?

பேச்சும் உண்டு, ஆனால் செய்து பார்ப்பதுதான் அதிகம். உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும் ஒரு செயலை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் என்ன நடந்தது, செய்த பிறகு உங்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம். அப்புறம் அந்த முன்னாலோ பின்னாலோ ஒன்றை மாற்றிப் பார்ப்போம், இல்லையென்றால் அந்த இடத்தில் வேறொரு செயலை வைப்போம். வாரா வாரம் ஹோம்வொர்க் இருக்கும். அதைச் செய்யாமல் வந்தால் திட்ட மாட்டோம். ஏன் செய்ய முடியவில்லை என்பதையே அந்த வாரத்துப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இதன் வேர் நூறு வருடத்துக்கு முந்தையது. 1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு வைத்தியம் பார்த்ததை எழுதினார். பையன் தனக்குப் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிடும்போது கூண்டிலிருந்த முயலை அறையின் தள்ளிய மூலையில் வைத்தார். நாளாக நாளாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தொட்டு விளையாடினான். 1958-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் இதே வழியைப் பெரியவர்களுடைய பயங்களுக்கு முறைப்படுத்தினார். 1960-களில் ஆரன் பெக், செயலோடு எண்ணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். இன்று சிபிடி (cognitive behavioural therapy) என்று சொல்வது இந்த இரண்டும் கலந்த முறை.

மன உறுதி இல்லாததுதானே காரணம்?

இல்லை. ஒரு பழக்கம் விடாமல் நீடிக்கிறதென்றால் அது உங்களுக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது சந்தோஷம்கூட இல்லை, ஒரு நிமிட நிம்மதி. மேனேஜர் கூப்பிட்டுக் கத்தியதும் ஒரு சிகரெட், நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது. மறுநாள் பரீட்சை என்றதும் ரீல்ஸ், பரீட்சை பதினைந்து நிமிடம் காணாமல் போகிறது. உடனே கிடைக்கும் சின்ன நிம்மதிக்கும் பின்னால் வரப்போகும் பெரிய நஷ்டத்துக்கும் போட்டி வந்தால், மூளை உடனே கிடைப்பதைத்தான் கற்றுக்கொள்ளும். எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டில் அடைத்துப் பார்த்ததும் இதுதான்: கதவைத் திறக்க உதவிய அசைவு மட்டும் அடுத்தடுத்த முறை சீக்கிரம் வந்தது, மற்ற அசைவுகள் தானே உதிர்ந்துபோயின.

இதைச் சொன்னதும் சிலர் அழுதிருக்கிறார்கள். இருபது வருடமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவருக்கு, கற்றுக்கொண்ட ஒன்றுக்குப் பதிலாக வேறொன்றைக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்பது பெரிய விஷயம். மாற்ற வேண்டிய பொறுப்பு அவரிடம்தான் இருக்கிறது. அதற்குத் தன்னைத் தானே அடித்துக்கொள்ளத் தேவையில்லை.

சரி, எதில் தொடங்குவது?

ஒரு நாற்பது பக்க நோட்டில். முதல் வாரம் எதையும் மாற்றக் கூடாது, எழுத மட்டும்தான் வேண்டும். நான்கு கட்டம்: எத்தனை மணி, எங்கே என்ன செய்துகொண்டிருந்தேன், மனதிலும் உடம்பிலும் என்ன இருந்தது, செய்ததும் என்ன ஆனது.

கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். நகம் கடித்துக் கடித்து விரல் நுனியில் சதை தெரிந்தது. கல்யாண வீட்டில் மருதாணி வைக்கக்கூடக் கையை நீட்ட மாட்டார். "எப்பவும் கடிக்கிறேன்" என்றார். நோட்டில் நான்காம் நாள் 17 முறை என்று எழுதியிருந்தார். அதில் 14 முறை கம்ப்யூட்டர் திரையில் ஏதோ லோட் ஆகும் வரை காத்திருந்த நேரம். டைப் அடிக்கும்போது ஒருமுறைகூட இல்லை. "எப்பவும்" என்பது சுருங்கி, இடது கை சும்மா இருக்கும் அந்த அரை நிமிடம் ஆகிவிட்டது. அரை நிமிடத்தோடு போராடலாம், எப்பவும் என்பதோடு யாராலும் போராட முடியாது.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். எழுத ஆரம்பித்ததுமே எண்ணிக்கை கொஞ்சம் இறங்கும். அதை நம்பி நோட்டை மூடிவிட வேண்டாம். அந்த இறக்கம் அதிக நாள் தங்காது.

நகம் கடிப்பது, முடி பிடுங்குவது, தோலைக் கிள்ளுவது: இவற்றுக்குத் தனி முறை உண்டா?

உண்டு. 1973-இல் நேதன் அஸ்ரின், கிரகரி நன் என்ற இருவர் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சி. கண் சிமிட்டல், தோளைக் குலுக்கல் போன்று தன்னையறியாமல் திரும்பத் திரும்ப வரும் அசைவுகளான டிக்ஸ் பிரச்சினைகளுக்கும் இன்றுவரை இதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறோம்.

முதல் படி, செயலுக்கு முந்தைய அசைவைப் பிடிப்பது. கை வாய்க்குப் போன பிறகு பிடித்தால் தாமதம். நான் சொன்ன அந்தப் பெண்ணிடம், மெதுவாக நடித்துக் காட்டுங்கள் என்றேன். மூன்றாவது முறைதான் இருவருக்கும் தெரிந்தது: வாய்க்குப் போகுமுன் கட்டைவிரல் பக்கத்து விரல் நகத்தின் ஓரத்தைத் தடவுகிறது, பிசிறு இருக்கிறதா என்று. பிசிறு தட்டுப்பட்டதும் கை மேலே போகிறது. ஆக, எச்சரிக்கை மணி வாயில் இல்லை, கட்டைவிரலில்.

இரண்டாம் படி, அந்த மணி அடித்ததும் பழைய செயலைச் செய்ய முடியாதபடி வேறொன்று. கையை மென்மையாக மூடி மடியில் வைத்துக்கொள்வது, பேனாவைப் பிடிப்பது, மேசை விளிம்பைப் பற்றுவது. ஒரு நிமிடமாவது அப்படியே இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு வித்தியாசமாகத் தெரியாத செயலாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் கூச்சத்தில் விட்டுவிடுவோம். கூடவே பிசிறே இல்லாதபடி டிராயரில் ஒரு நெயில் கட்டரும் அரமும்.

மூன்றாவது, வீட்டில் ஒருவர் துணை. அவர் வேலை, செய்யாமல் இருந்த நேரத்தைக் கவனித்துச் சொல்வது. "பாரு, மறுபடியும் வாயில கை" என்று சொல்பவர் துணை இல்லை.

விரலில் வேப்பெண்ணெய் தடவுவதைப் பற்றி அம்மாக்கள் கேட்பார்கள். கசப்பு ஒரு நினைவூட்டலாகச் சிலருக்கு உதவும். ஆனால் கைக்கு வேறு வேலை கொடுக்காமல் கசப்பை மட்டும் கொடுத்தால், பிள்ளை கசப்போடு கடிக்கப் பழகிவிடும்.

இரவில் போனை வைக்கவே முடியவில்லை. தூக்கம் போச்சு.

இதில் மனதோடு மல்லுக்கட்டுவதைவிட வீட்டு ஏற்பாட்டை மாற்றுவது சுலபம். சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்குங்கள். போன் எட்டாத தூரத்தில் இருக்கும்போது எடுக்காமல் இருப்பதற்கு உறுதியே தேவைப்படாது.

தூக்கத்துக்கு 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் சொன்ன வழி இன்னும் நிற்கிறது: கட்டில் தூங்க மட்டும். தூக்கம் வந்தால்தான் படுக்க வேண்டும். இருபது நிமிடம் போல ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறையில் வெளிச்சம் குறைத்து உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கியதும் திரும்ப வர வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். முதல் வாரம் பகலில் கிறக்கமாக இருக்கும். வண்டி ஓட்டுகிறவர்கள் கவனம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அந்த எண் வந்த வழி வேறு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துப் பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக வருமளவுக்குப் பழக நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல், 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. அதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு வரவில்லை. 22-ஆம் நாள் "எனக்கு மட்டும் வரலையே" என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை நான் எழுதியே கொடுப்பதுண்டு.

ஒரு மாதம் விட்டேன், ஒரே நாளில் எல்லாம் போச்சு. இப்போது?

அந்த ஒரே நாளைக் கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம். டீக்கடையில் நண்பர் ஒரு சிகரெட் நீட்டினார், வாங்கினீர்கள். அது ஒரு சிகரெட். அடுத்து மனதில் ஓடியது, "கெட்டது கெட்டுப்போச்சு, இனி என்ன." பாக்கெட்டை வாங்கவைத்தது இந்த வரிதான். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் தம் ஆராய்ச்சியின் பெரும் பகுதியை இந்தத் தருணத்துக்கே செலவிட்டார். சறுக்குவது வேறு, அடிவாரம்வரை உருண்டு போவது வேறு. இரண்டுக்கும் நடுவில் குற்ற உணர்ச்சிதான் தள்ளிவிடுகிறது என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று, ஆசையை அலைபோலப் பார்ப்பது. எழும், உச்சிக்குப் போகும், தணியும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் அதை எதிர்த்து வாதாட வேண்டாம். உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: தொண்டையிலா, கையிலா, வயிற்றிலா? பத்துக்கு எத்தனை? ஐந்து நிமிடம் கழித்து எத்தனை? ஒருமுறை தணிவதை நேரில் பார்த்தவருக்கு, அடுத்த முறை பயம் பாதியாகும்.

கோபம்தான் என் பிரச்சினை. வந்தால் கண் மண் தெரியாது.

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு எப்போதும் நேரம் போதாது.

ஒரு அப்பா. மூன்றாம் வகுப்பு மகனை ஸ்கேலால் அடித்துவிட்டு, மறுநாள் அவன் கையிலிருந்த தடத்தைப் பார்த்ததிலிருந்து சாப்பிடவில்லை. "திடீர்னு வந்துடுச்சு சார்" என்றார். திடீரென்று எதுவும் வருவதில்லை என்பதைத்தான் முதலில் சேர்ந்து கண்டுபிடித்தோம். நடந்ததைப் பின்னாலிருந்து முன்னால், கண்ணி கண்ணியாக எழுதினோம். அடித்தது இரவு 9:20. அதற்கு முன் மகன் ஏழாம் வாய்ப்பாட்டை நான்காவது தடவை தப்பாகச் சொன்னான். அதற்கு முன் அவன் அழி ரப்பரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "என்னை மதிக்க மாட்டேங்கிறான்" என்று மனதில் ஒரு வரி. ஹாலில் டிவி சத்தம். எட்டரைக்கு அலுவலகத்திலிருந்து போன். அதற்கு முன் ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் நின்றபடி. மதியம் ஒரு மணிக்குப் பிறகு ஒரு டீ தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை.

சங்கிலியை எழுதி முடித்ததும், எந்தக் கண்ணியை அறுக்கலாம் என்று அவரே கைவைத்துக் காட்டினார். வந்ததும் சாப்பாடு. வாய்ப்பாடு காலையில். டிவி அணைத்த பிறகுதான் பாடம். இதில் எதற்கும் கோபத்தை ஜெயிக்கத் தேவையில்லை, கோபம் வந்து சேரும் பாதையில் கொஞ்சம் முன்னாலேயே நின்றால் போதும்.

இந்தச் சங்கிலி முறை, கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் டிபிடி (dialectical behaviour therapy) என்னும் சிகிச்சையில் முக்கியமானது. அதை உருவாக்கியவர் அமெரிக்காவின் சியாட்டிலில் பணியாற்றிய மார்ஷா லினஹன். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு, இளவயதில் மனநல மருத்துவமனையில் நெடுநாள் இருந்தவர் தாமே என்பதை அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய பயிற்சிகளில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. வலியின் உள்ளே இருந்தவர் செய்துகொடுத்த கருவிகள் அவை.

கோபம் ஏறியே விட்டது. அந்த நிமிடம் என்ன செய்வது?

அந்த நிமிடத்தில் யோசனை வேலை செய்யாது, உடம்பு வழியாகத்தான் போக முடியும். குளிர்ந்த நீரில் முகத்தை முக்கி அரை நிமிடம் இருங்கள், அல்லது ஈரத் துண்டைக் கண்ணுக்கும் கன்னத்துக்கும் வையுங்கள். இதயத் துடிப்பு இறங்கும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். மாடிப்படியில் நான்கு முறை ஏறி இறங்கலாம். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டலாம்.

இடத்தைவிட்டு நகர்வதும் நல்லதுதான். ஆனால் வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் கதவை அறைந்துவிட்டுப் போனால் அது சண்டையின் அடுத்த கட்டம். "பத்து நிமிஷம் மொட்டை மாடில இருந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய், பத்து நிமிடத்தில் திரும்பவும் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை யாரும் உங்களை நகரவிட மாட்டார்கள்.

கொஞ்சம் தணிந்த பிறகு ஒரு கேள்வி: நடந்தது என்ன, நான் சேர்த்துக்கொண்டது என்ன? "ரப்பரைப் போட்டுச் சிரித்தான்" நடந்தது. "மதிக்கவில்லை" சேர்த்தது. எட்டு வயதுப் பையன் பயத்திலும் சிரிப்பான்.

அப்படியென்றால் உணர்ச்சியை அடக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. உணர்ச்சி இருக்கட்டும், அதோடு சேர்ந்து வரும் செயலை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுங்கள் என்கிறோம். பயம் ஓடச் சொல்லும், வெட்கம் ஒளியச் சொல்லும், துக்கம் போர்வைக்குள் முடங்கச் சொல்லும். அந்த உணர்ச்சி நிலைமைக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தால், அது சொல்வதற்கு எதிரானதைச் செய்து பார்ப்பது ஒரு பயிற்சி. பொருந்துகிறது என்றால் எதிர்த்துச் செய்யக் கூடாது. அடிக்கிற கணவரைக் கண்டு வரும் பயம் சரியான பயம். அங்கே தேவைப்படுவது பாதுகாப்பு, பயிற்சி இல்லை.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதும் உதவும். நம் மொழியில் இதற்குப் பஞ்சமே இல்லை: எரிச்சல், ஆத்திரம், ஆதங்கம், ஆற்றாமை, மனத்தாங்கல், பொருமல். எல்லாவற்றையும் "டென்ஷன்" என்ற ஒரே பைக்குள் போட்டுவிடுகிறோம். "எனக்குக் கோபம்" என்று வந்த ஒருவர், இரண்டு வாரம் எழுதிய பிறகு "இது கோபம் இல்லை, ஆதங்கம்" என்றார். ஆதங்கம் என்றதும் யாரிடம் என்ன கேட்காமல் விட்டோம் என்று பேச முடிந்தது.

எதையும் செய்யவே பிடிக்கவில்லை. மனசு சரியானதும் ஆரம்பிக்கலாமா?

அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். மனச்சோர்வில் மனசுக்காகக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருப்போம். செயல் முதலில், சின்னதாக: குளிப்பது, வாசலில் பத்து நிமிடம் நிற்பது, அக்காவுக்கு ஒரு போன். நேரம் குறித்து, மனநிலை எப்படி இருந்தாலும் செய்வது. கோவாவில் சங்காத் என்ற அமைப்பு, உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் இதையே செய்யவைத்தது. கடுமையான மனச்சோர்வு இருந்தவர்களிடையே நடந்த அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. மூன்று மாதத்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேர்.

பூட்டை இருபது தடவை இழுத்துப் பார்க்கிறேன். இதுவும் பழக்கம்தானா?

இது ஓசிடியாக இருக்கலாம், அதாவது விடாமல் வரும் சந்தேகத்தைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பிரச்சினை. தனியாகச் சமாளிக்க முயல வேண்டாம். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் தொடங்கிய முறைதான் இதற்கு இன்றும் முதல் வழி: சந்தேகம் வரட்டும், சரிபார்ப்பதை மட்டும் தள்ளிப்போடுவது, எளிதானதிலிருந்து கடினமானதை நோக்கி. வீட்டார் அன்பாகச் செய்யும் ஒன்று இதை வளர்க்கும். "பூட்டிட்டேம்மா, நானே பார்த்தேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான் அது. எப்படி நிறுத்துவது என்பதைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

குழந்தை அடம்பிடித்தால் கண்டுகொள்ளாதீர்கள் என்கிறார்கள். செய்தோம், இன்னும் மோசமானது.

எதிர்பார்க்க வேண்டியதுதான். இதுவரை அழுதால் போன் கிடைத்தது. இன்று கிடைக்கவில்லை என்றால் குழந்தை முதலில் இன்னும் ஓங்கி அழும். அந்த உச்சத்தில் "சரி, இந்தா" என்று கொடுத்துவிட்டால், எவ்வளவு ஓங்கி அழ வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். எப்போதாவது ஒருமுறை கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை இறுக்கிக் கட்டுகிறது. அதனால் பாட்டி, தாத்தா உட்பட எல்லோரும் ஒரே பேச்சில் நிற்க முடிந்தால் மட்டும் தொடங்குங்கள். அழாமல் கேட்ட நேரத்தில் உடனே கவனியுங்கள். இதை மறந்துவிட்டு மற்றதை மட்டும் செய்பவர்கள்தான் அதிகம்.

குடியையும் இப்படி நிறுத்தலாமா? மாத்திரை வேண்டாமா?

தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், அப்புறம்தான் பயிற்சி. மற்ற பிரச்சினைகளிலும் மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டும் சேர்ந்தே போகலாம்.

யாரிடம் போவது? செலவாகுமே?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மனநல மருத்துவ நிலையம் இருக்கிறது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து நாள் முழுக்க இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926. சாக வேண்டும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் நோட்டு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், இன்றே கூப்பிடுங்கள்.

தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேட்கலாம். அது மரியாதைக் குறைவு இல்லை. முதல் சந்திப்பிலேயே மூன்றைக் கேளுங்கள்: என் பிரச்சினைக்கு எந்த முறையைக் கையாளப் போகிறீர்கள், ஏறக்குறைய எத்தனை செஷன் ஆகும், முன்னேற்றத்தை எதை வைத்துப் பார்ப்போம்? சிபிடி பெரும்பாலும் 12 முதல் 20 செஷன் வரை போகும். நகம் கடிப்பதுபோன்றவை சீக்கிரம் முடியலாம். நாலைந்து வாரம் ஆகியும் வீட்டில் செய்ய ஒரு வேலையும் தரவில்லை என்றால், "நான் வீட்டில் என்ன செய்து பார்க்கட்டும்?" என்று நீங்களே கேளுங்கள். எழுதிய நோட்டு இருந்தால் முதல் நாளே கையோடு கொண்டுபோங்கள்.